ஜெப நேரத்தில் நான் அணைத்த கணினி

எங்கள் வீட்டில் ஏழு மணி ஜெபத்துக்கு முன்னால் டிவி, போன் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டது வேறு யாருமில்லை, நான்தான். பாட்டுப் பாடும்போது மூலையில் ஏதாவது மினுக்கிக்கொண்டிருந்தால் எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்காது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை கணினியில் நீலத் திரை ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. கீழே முப்பத்தைந்து சதவீதம் என்று இருந்தது. அதற்கும் கீழே, அணைக்காதீர்கள் என்று இங்கிலீஷில் ஒரு வரி. நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்துக்கூட்டிப் படித்தேன், புரியவும் செய்தது. பிள்ளைகளே, புரியவில்லை என்று உங்களிடம் சொன்னால் அது பொய். ஆனால் ஐந்து நிமிடம் நின்று பார்த்தும் அந்த எண் அசையவில்லை. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். மணி ஏழு. டிவியை அணைப்பதுபோல் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டேன். அவள் வந்து பார்த்து, அப்டேட் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கணினி திறக்கவில்லை. கம்பெனி முத்திரை வரும், வட்டம் சுற்றும், திரை கறுத்துப்போகும், மறுபடி முத்திரை வரும்.

"அப்பா, நேத்து கரண்ட் போச்சா?" என்றாள் மகள்.

"போய்ப் போய் வந்துச்சும்மா."

எங்கள் கச்சிராயபாளையம் பக்கத்தில் கரண்ட் போவது அதிசயமில்லை. அதனால் பொய் சுலபமாக வாயில் வந்துவிட்டது.

அந்தக் கணினிக்குள்ளேதான் அவளுடைய கல்லூரி அறிக்கை இருந்தது. இரண்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஜீப் பிடித்து, சாமையும் தினையும் விளைவிக்கிற பெண்களிடம் விதையை எப்படிக் காப்பாற்றி வைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதியது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். இன்னொரு பிரதி எடுத்து வைக்கவில்லை. போனில் இடமில்லையென்று அங்கே எடுத்த படங்களையும் அழித்துவிட்டிருந்தாள்.

கள்ளக்குறிச்சியில் கணினி பழுது பார்க்கிற தம்பிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"கரண்டு போய்ப் போய் வந்துச்சுன்னா டிஸ்க்கே அடி வாங்கியிருக்கும் தங்கச்சி. எடுத்துக்கினு வா. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுத் தரேன். உள்ள இருக்கறதுக்கு நான் கேரண்டி இல்ல."

மகள் கணினியின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். "இன்னாங்க, மரம் மாதிரி நிக்கறீங்க? வண்டிய எடுங்க."

வண்டியை எடுத்தால் அந்த அறிக்கை அழிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

"கரண்ட் போகல தம்பி," என்றேன் போனைப் பார்த்து. "அப்டேட் ஓடிக்கினு இருக்கும்போது நான்தான் சுவிட்ச ஆஃப் பண்ணேன்."

மகளின் கை நின்றது. போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இன்னாண்ணா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? அப்போ டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கும். பாதியில நின்ன அப்டேட்ட மட்டும் கழட்டுனா போதும். ஆன் பண்ணுங்க. முத்திரை வந்ததும் பட்டன அமுத்திப் புடிச்சி ஆஃப் பண்ணுங்க. இப்பிடி மூணு வாட்டி."

"மறுபடியும் அணைக்கறதா?" எனக்குப் பயமாகிவிட்டது.

"நீங்களே பண்ணுங்கப்பா," என்றாள் மகள். "உங்க கைதான் இதுல பழகியிருக்கு."

அவள் ஒயர்களை மறுபடி மாட்டியதும் மூன்று முறை போட்டுப் போட்டு அணைத்தேன். நான்காம் முறை வேறொரு நீலத் திரை வந்தது. பழுது பார்க்கும் வழிகள் அதில் வரிசையாக இருந்தன. அவர் சொல்லச் சொல்ல, கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கு என்ற இடத்தை மகள் தேடி அழுத்தினாள்.

"டைம் ஜாஸ்தி ஆவும். கை வெச்சிடாதீங்கண்ணா," என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"ஆஃப் பண்ணதுக்குக் கோவம் இல்லப்பா. தெரியாம பண்ணிட்டீங்க. காலைல நான் கேட்டேன் இல்ல, அப்ப சொல்லியிருக்கலாம்."

தெரிந்துதான் பண்ணினேன் என்று அதையும் சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கணினி திறந்தது. அறிக்கை அப்படியே இருந்தது. அதை மின்னஞ்சலில் தனக்குத்தானே அனுப்பினாள், போனிலும் ஏற்றினாள், அதன் பிறகுதான் சாப்பிட வந்தாள். திங்கட்கிழமை கொடுத்தும்விட்டாள்.

பிள்ளைகளே, இதை நல்லபடியாக முடிந்த கதை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மின்விசிறி நின்றது. உள்ளேயிருந்து அவள், "இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

"கரண்ட் போச்சும்மா," என்றேன்.

அவள் எழுந்து வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டிலும் மின்விசிறி நின்றிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.