காய்ச்சல் டீச்சரின் மருந்துப் பெட்டி

பள்ளியில் அவளுக்குப் பேர் காய்ச்சல் டீச்சர். முதல் நாளே ஆளுக்கொரு தெர்மாமீட்டரை அக்குளில் வைக்கச் சொல்லி, அளவைக் குறித்துக்கொண்டு, மாடிப்படியில் ஐந்து தடவை ஏறி இறங்க வைப்பாள். மூச்சிரைக்க வந்து மறுபடி பார்த்தால் சூடு அப்படியொன்றும் ஏறியிருக்காது. "யாரு உங்களைக் காப்பாத்துனது? வேர்வை! அதைப் பாத்து ஒரு பொருள் செய்யுங்க பாப்போம்" என்பாள்.

சின்ன வயதில் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள். "அது தம்பிக்கு" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். தம்பி அதைப் படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்திருக்கிறான், அது வேறு கதை. அவள் உயிரியல் படித்து, இருபது வருஷம் கரும்பலகையில் இதயம் வரைந்தாள். அப்புறம் முதல்வரை நச்சரித்து வாரத்துக்கு ஒரு மணி நேரம் வாங்கினாள். உடம்பு செய்கிற வேலையைப் பார்த்துக் கருவி செய்கிற வகுப்பு அது. அந்த வகுப்பு என்றால் அவளுக்கு உயிர்.

இப்போது முதல்வருக்கு அந்த ஒரு மணி நேரத்தின் மேல் கண். தேர்வுப் பயிற்சிக்கு வேண்டுமாம்.

"கரண்ட் இல்லாம மருந்தைக் குளிரா வைக்கிற பெட்டி பிள்ளைங்க செய்யறாங்கன்னீங்களே, வராந்தால ரெண்டு மணி நேரம் வைங்க. இருபத்தெட்டு டிகிரியத் தாண்டுச்சுன்னா வகுப்பு எனக்கு."

"சரி சார்" என்றாள், கொஞ்சமும் அசராமல்.

சோதனை நாளன்று காலை பிள்ளைகள் தகரப்பெட்டியைச் சுற்றி ஈரத்துணி கட்டினார்கள். தண்ணீர் சொட்டியதுதான் தாமதம், ஆய்வுக்கூடம் துடைக்கிற அக்கா பிடித்துக்கொண்டார். "தரையெல்லாம் ஈரம்! உங்க தாத்தாவா வந்து துடைப்பாரு?" பயந்துபோய்த் துணிக்கு மேலே பிளாஸ்டிக் தாளை இறுக்கச் சுற்றி ஒட்டிவிட்டார்கள். டீச்சர் பார்த்தாள். பிள்ளைகள் செய்யும் பொருளில் கை வைப்பதில்லை, வாயும் வைப்பதில்லை என்பது அவள் கொள்கை.

முதல்வர் கோட்டும் டையுமாக வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெட்டிக்குள் வைத்த தெர்மாமீட்டரில் இருபத்தாறில் தொடங்கிய முள் ஒன்றரை மணி நேரத்தில் இருபத்தேழரைக்கு வந்தது. பிள்ளைகள் கையைப் பிசைந்தார்கள். டீச்சருக்கும் பயம்தான், மறைத்துப் பயனில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

முதல்வருக்கோ வேர்த்து ஊற்றியது. கைக்குட்டையைப் பிழியலாம் போலிருந்தது. கடைசி வரிசை வாயாடிப் பெண் பொறுக்கமாட்டாமல், "சார், அந்தக் கோட்டைக் கழட்டுங்களேன்! இத்தனை வேர்த்தும் காத்து படலைன்னா எப்படிக் காயும், எப்படிக் குளிரும்?" என்றாள். சொன்னவள் அப்படியே நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். "அடடா! நாமளும் கோட்டு போட்டுல்ல வெச்சிருக்கோம்!"

நான்கு பேர் பாய்ந்து பிளாஸ்டிக்கைக் கிழித்தார்கள். கீழே வாளி வைத்தார்கள், அட்டையால் விசிறினார்கள். முள் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டு இறங்கத் தொடங்கியது. இரண்டு மணி நேரம் முடிந்தபோது இருபத்தாறு.

கூச்சல் அடங்கியதும் முதல்வர் கேட்டார்: "அந்த பிளாஸ்டிக்கை நீங்க காலைலயே பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வகுப்பே போயிருக்குமே!"

"நான் சொல்லித்தான் கழட்டணும்னா, அந்த வகுப்பு போனாலும் குத்தமில்ல சார்."

முதல்வர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "அடுத்த வருஷம் ரெண்டு மணி நேரமா எடுத்துக்குங்க" என்றார்.

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டே, "அப்ப எனக்கு ரெண்டு மடங்கு ஈரம்" என்றார்.