இளவரசனின் உதடு

அருங்காட்சியகத்தில் எல்லாரும் அவளை முகக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மண்டையோட்டைக் கொடுத்தால் அதற்குரிய முகத்தைச் செய்து கொடுப்பாள், அதனால் அந்தப் பெயர். "என்னைப் பாக்கும்போது மூஞ்சியோட நில்லு, உள்ள எலும்பு வரைக்கும் போகாதே" என்று தையல்கடை வைத்திருக்கும் அவள் கணவர் கல்யாணமான புதிதிலேயே கேட்டுக்கொண்டார். அவள் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது அவள் மேசைமேல் இருந்தவன் ஓர் இளவரசன். பத்தொன்பது வயதில் போரில் செத்தவன். அவன் மண்டையோட்டை அச்செடுத்து, எந்த இடத்தில் சதை எவ்வளவு தடிமன் என்று காட்டச் சின்னக் குச்சிகளை ஒட்டி, அந்த உயரத்துக்குக் களிமண் அப்பியிருந்தாள். மறுநாள் காலை திறப்பு விழா. வேலை முடிந்துவிட்டது, அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், நடந்தாள். கன்னத்தை அளந்தாள், சரி. மூக்கை அளந்தாள், அதுவும் சரி. எல்லாம் சரியாக இருக்கும்போது இன்னும் எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

அவளுக்கு ஒரு வழக்கம். கிட்டே இருந்து பார்ப்பதெல்லாம் துண்டு துண்டாகத்தான். முழு முகத்தையும் எதிர்ச்சுவரில் மாட்டிய கண்ணாடியில்தான் பார்ப்பாள். இடம் வலமாகும்போது பழகிய கண்ணுக்கும் கோணல் தெரிந்துவிடும் என்பது அவள் கணக்கு. அந்தக் கெட்டிக்காரத்தனமே இந்த முறை காலை வாரிவிட்டது.

அவள் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு கணவர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இவன் எப்ப வந்தான்?"

"யாரு?"

"நம்ம பையன்."

அவளுக்குச் சுருக்கென்றது. "எலும்பு சொன்னதைத்தான் வெச்சிருக்கேன். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

"உதட்டையுமா எலும்பு சொல்லுச்சு?"

பல்லை வைத்து வாயின் அகலத்தைச் சொல்லலாம். உதடு எப்படிச் சுழிக்கும் என்பதை எந்த எலும்பும் சொல்லாது. அவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முகத்தை நேரே பார்த்தாள். இடது ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு, எதையோ கேலி செய்யப்போகிற உதடு. கண்ணாடியில் பக்கம் மாறித் தெரிந்ததால் இதுவரை பிடிபடாத, அவள் மகனுடைய உதடு.

ரெண்டு வருஷம் முன்னால் அவன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லாரிப் பட்டறைக்குப் போகிறேன் என்றான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கு மட்டும் எங்கிருந்து வரும்? "இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று கத்தினாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். அவன் கூப்பிடட்டும் என்று இவள் இருந்தாள். அவன் கூப்பிடவில்லை.

செதுக்குக் கம்பியை எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள். கை வரவில்லை.

"இதையும் எடுத்துட்டா எனக்கு அவன் முகமே இல்லைங்க" என்றாள். சொன்ன பிறகு அழுதாள்.

கணவர் போனை எடுத்து நீட்டினார். அதில் ஒரு போட்டோ. ஒட்டிய கன்னம், தாடி, முன்பல்லில் பாதி இல்லை, நெற்றியில் கிரீஸ்.

"யாருங்க இது?"

அவள் போனைக் கிட்டே கொண்டுவந்து தாடியை விட்டுவிட்டுப் பார்த்தாள். புருவமேடு, கன்னத்து எலும்பு, தாடை. பெற்ற பிள்ளையை எலும்பை வைத்து அடையாளம் கண்ட தாய் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியாம பேசிக்கிட்டா இருந்தீங்க?"

"வீட்டுல ஒருத்தராவது பேசணும்ல."

அவள் சண்டைக்குப் போகவில்லை. கம்பியை எடுத்து இளவரசனின் உதட்டை ஒரே இழுப்பில் வழித்தாள். பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த அருங்காட்சியகத் தலைவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"அம்மா, நாளைக்குத் திறப்பு விழா."

"இவன் உதடு இன்னும் வரல சார். நான் வெச்சது வேற ஒருத்தனோடது. ஒரு வாரம் தள்ளிப் போடுங்க."

அவர் என்ன சொன்னார் என்று அவள் காதில் விழவில்லை. களிமண் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பின்னாலேயே டப்பாவோடு ஓடிவந்த கணவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"வர்றோம்னு அவனுக்கு ஒரு போன் பண்ணிடவா?"

"வேண்டாம். இப்ப இருக்கிற மூஞ்சியத்தான் பாக்கணும். பண்ணினா தாடியை எடுத்துடுவான்."