அம்மை குத்திய கையும் அஸ்பிரின் மாத்திரையும்

ஆனந்தமேரி ஓர் இடத்தில் உட்கார்ந்து பழகியவள் அல்ல. நெல்லித்தோப்பில் அவளைத் தெரிந்தவர்கள் அவளை நின்றபடியேதான் பார்த்திருப்பார்கள். மேஜைக்கு முன்னால் நிற்பாள், கையில் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி இருக்கும். கன்னியாஸ்திரீகள் மடத்தில் சிறு பெண்ணாக இருந்தபோது கற்றுக்கொண்ட வேலை அது. கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைக் கோட்டின் கழுத்துப்பட்டையை மடிப்பு விழாமல் தேய்ப்பதற்கு அந்தப் பக்கத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது. கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சுத் துரைமார் வீடுகளிலிருந்தே துணி வரும்.

ஆனால் அவள் இடது கைக்காரி. மடத்தில் அதற்காக விரல் முட்டியில் பிரம்படி வாங்கியிருக்கிறாள். வலது கையால் சாப்பிடவும் சிலுவை போடவும் பழகிக்கொண்டாளே தவிர, இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்க அந்தக் கை ஒத்துழைக்கவே இல்லை. யாராவது புதியவர் வந்தால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு சும்மா நிற்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷமான பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை.

அந்தக் கூச்சம்தான் வம்பில் கொண்டுபோய்விட்டது. கடல் தாண்டி, பிரெஞ்சுக்காரர் ஆளும் இன்னொரு ஊரான சைகோனுக்குக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு, பெரியம்மைத் தடுப்புக்காக அம்மை குத்தியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆஸ்பத்திரியில் அம்மை குத்துகிறவர், "வேலை செய்யாத கையைக் காட்டும்மா" என்றார். வரிசையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, "எனக்கு வேலை செய்யற கையே இடதுதான்" என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. எல்லோரையும் போல இடது கையை நீட்டிவிட்டாள்.

அது போன வாரம். அவள் கணவன் லூயிஸ் சைகோனில் சிறைச்சாலைக் காவல்காரனாக இருந்தான். நாலு வருஷம் தனியாகக் கிடந்தவனுக்கு இப்போதுதான் குடும்பத்தோடு இருக்க ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். இந்தக் கப்பலில் பெண்டாட்டி வந்து சேராவிட்டால் வீடு காத்திருக்கிற இன்னொருவனுக்குப் போய்விடும். கப்பல் நாளை மறுநாள் கிளம்புகிறது. நாளைக் காலையில் டாக்டர் கையைப் பார்ப்பார். குத்திய இடத்தில் அம்மை சரியாக எழும்பியிருக்க வேண்டும், உடம்பும் சரியாக இருக்க வேண்டும். அப்போதுதான் கப்பலில் ஏறவிடுவார்.

அம்மை எழும்பித்தான் இருந்தது. புஜத்தில் முத்துப் போல ஒரு கொப்புளம், அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அக்குளில் நெறி கட்டியிருந்தது. காலையிலிருந்து காய்ச்சல் வேறு. திரும்பக் கொடுத்துவிட்டுப் போகவேண்டிய கடைசி இரண்டு கோட்டுகள் மேஜைமேல் கிடந்தன. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள், வைத்தாள். வாசலுக்குப் போனாள், வந்தாள். பயணத்துக்குக் கட்டிவைத்திருந்த மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

கடைசியில் தெருக்கோடி மருந்துக்கடைக்குப் போனாள். கம்பவுண்டர் இராமதாஸ் இரண்டு அஸ்பிரின் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

"வெறும் வயித்துல போடாதீங்கம்மா. வலியும் நிக்கும், காய்ச்சலும் இறங்கும்."

"அம்மை குத்தின கைங்க. இதைப் போட்டா அம்மை அடங்கிடாதே?"

இராமதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைவலிக்கு நான் கொடுத்திருக்கேன். அம்மை குத்தினதுக்கு யாரும் வந்து கேட்டதில்ல. தெரியாததைத் தெரியும்னு நான் சொல்லமாட்டேன்."

அவளைக் கலக்க அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவள் வீட்டுக்குள் மறுபடி நடக்க ஆரம்பித்தாள். போட்டால் கொப்புளம் அமுங்கிவிடுமோ? போடாவிட்டால் நாளைக்குக் காய்ச்சலோடு டாக்டர் முன்னால் நிற்க வேண்டுமே?

பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி பால் ஊற்ற வந்தாள். இரண்டு மாடு வைத்திருந்தாள். ஆனந்தமேரிக்குச் சம வயது, வாய் மட்டும் இரண்டு மடங்கு.

"என்னாடி, மூஞ்சி வேப்பங்காய் தின்னாப்புல இருக்குது?"

ஆனந்தமேரி முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

"அடிப்பாவி! ஆத்தா உடம்புல எறங்கியிருக்கா, நீ மாத்திரை போடப்போறியா? எங்க வூட்ல அம்மை வந்தா கொழம்பு கூடத் தாளிக்கமாட்டோம்."

"எங்க மதத்துல ஆத்தா கீத்தால்லாம் கெடையாதுடி."

"மதத்தைப் பாத்தா அம்மை வருது? உங்க மாதாகோயில் தெருவுலயும் தானே வந்துது?"

"அது சரி. தபசுகாலம் வேற, ஏசு பாடுபட்டதை நெனச்சு நோன்பு இருக்கற நாளு. வலியை ஒறுத்தலா ஒப்புக்கொடுத்துடலாம்னு பாக்கறேன்."

"பாத்தியா, உங்க சாமியும் எங்க ஆத்தாவும் ஒண்ணாத்தான் சொல்றாங்க. கம்முனு கெட."

இரண்டு சாமிகளும் ஒத்துப்போனது உண்மைதான். ஆனால் கை ஒத்துக்கொள்ளவில்லை. அஞ்சலாட்சி தெருமுனை திரும்புவதற்குள் ஆனந்தமேரி கஞ்சியைக் குடித்துவிட்டு ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டாள்.

வெயில் ஏறுவதற்குள் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. உடம்பு வியர்த்துக் குளிர்ந்தது. பெட்டியில் புதுக் கரி போட்டு ஊதி, ஒரு கோட்டைத் தேய்த்து மடித்தாள். இத்தனை வருஷத்தில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு கழுத்துப்பட்டையை அவள் தேய்த்ததில்லை. இரண்டாவது கோட்டை விரித்தபோது அஞ்சலாட்சி காலிச் செம்பை வாங்க வந்தாள். ஆனந்தமேரியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"போட்டுட்டியா?"

ஆனந்தமேரி கோட்டின் கையை நீவிவிட்டாள்.

"ஒடம்பு பச்சத் தண்ணியாட்டம் இருக்குது. போச்சு. ஆத்தா மலையேறிட்டா."

ஆனந்தமேரி ரவிக்கைக் கையைச் சுருட்டிப் பார்த்தாள். சுற்றியிருந்த சிவப்பு காலையில் இருந்ததைவிடக் குறைந்தாற்போல் இருந்தது. குறைந்ததா, வெளிச்சம் மாறியதா? கண்ணாடியை எடுத்து வாசலில் வைத்துப் பார்த்தாள். கிணற்றடியில் நின்று பார்த்தாள். ஒவ்வொரு இடத்திலும் கொப்புளம் ஒவ்வொரு அளவாகத் தெரிந்தது.

"இப்ப என்னாடி செய்யறது?"

"குளிர்ச்சி பண்ணி அடக்கிட்ட. சூடு பண்ணினா மேல வரும்," என்றாள் அஞ்சலாட்சி. அவளுக்கும் கலக்கம்தான். ஆனால் கலங்கினால் அவள் யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

அப்புறம் நடந்ததை நினைத்து இருவரும் பிற்பாடு சிரித்திருக்கலாம். அன்று யாரும் சிரிக்கவில்லை. தபசுகாலத்தில் மாமிசம்தான் ஆகாது, மீன் ஆகும் என்று ஆனந்தமேரி தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு, புளிப்பு மாங்காயும் மிளகாயும் சேர்த்து, கண்ணில் தண்ணீர் வரத் தின்றாள். மேலே எள்ளுருண்டை. போதாதென்று இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்துவைத்து, கனன்ற கரிக்குப் பக்கத்தில் இடது புஜத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அஞ்சலாட்சி அவள் உட்கார்ந்து பார்த்தது.

சாயங்காலம் காய்ச்சல் திரும்பியது. வயிறும் கலங்கியது. கொல்லைப்புறத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தே களைத்துப்போனாள்.

காலையில் அஞ்சலாட்சி தானாகவே வந்து துணைக்குக் கிளம்பினாள். இட்லிப் பொட்டலம் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கப்பல் ஏறுகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். உள்ளே டாக்டர் கிறிஸ்துதாஸ் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயை ஒவ்வொருவர் வாயிலும் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற ஒரு மனிதரை, காய்ச்சல் அடிக்கிறது என்று தனியாக நிறுத்திவிட்டார்.

அதைப் பார்த்ததும் அஞ்சலாட்சி கிசுகிசுத்தாள். "ஏ மேரி, மிச்சம் ஒரு மாத்திரை வெச்சிருக்க இல்ல? இப்பவே போட்டுக்க. உன் முறை வரதுக்குள்ள ஒடம்பு ஆறிடும்."

"நேத்து போடாதன்னு சொன்னது யாரு?"

"நேத்து சொன்னது நேத்தோட போச்சு. நான் என்னா டாக்டரா? மாடு மேய்க்கிறவ பேச்சைக் கேட்டு கருவாடு தின்னது நீ."

ஆனந்தமேரி மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டாள். புஜம் விண்விண் என்று தெறித்தது. அதற்காகவே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. போட்டால் காய்ச்சல் மறையும், டாக்டர் விட்டுவிடுவார். ஆனால் இந்தக் காய்ச்சல் அம்மை குத்தினதால் வந்தது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நிஜமான அம்மையாக இருந்தால்? கப்பலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வரப்போகிறாள், அவளும் இதே வரிசையில்தான் நின்றாள். குழந்தை அந்தப் பெண்ணின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனந்தமேரி விரலை மடித்தாள், திறந்தாள், மறுபடி மடித்தாள். அதற்குள் அவள் முறை வந்துவிட்டது.

டாக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"காய்ச்சல் இருக்கே. எப்பலேருந்து?"

"நேத்து காலையிலேருந்து, முசே." ஐயா என்பதற்கு அங்கே அதுதான் வார்த்தை.

"கையில என்ன?"

வியர்வையில் மாத்திரையின் ஓரம் கரைந்திருந்தது. ஆனந்தமேரிக்கு ஒளிக்கத் தெரியவில்லை. நேற்று ஒன்று போட்டது, அம்மை அடங்கிவிட்டதோ என்று பயந்தது, கருவாடு, மாங்காய், எள்ளுருண்டை, கரி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். பின்னால் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. கையை விளக்குப் பக்கம் இழுத்துக் கொப்புளத்தைப் பார்த்தார். முகம், கழுத்து, உள்ளங்கை, உள்ளங்கால் என்று வேறு எங்காவது ஒரு புள்ளி இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை.

"அம்மை நல்லா எழும்பியிருக்கு. நான் பாத்ததுல இது நல்ல கொப்புளம். மாத்திரை அதை அடக்காது. குத்தினது தன் வேலையைச் செஞ்சுடுச்சு. மாத்திரை உன் வலிக்கு, அவ்வளவுதான்."

"அப்ப காய்ச்சல்?"

"கொப்புளம் முத்தற நேரத்துல வர காய்ச்சல். ரெண்டு நாள்ல போயிடும். வயித்துவலிக்குத்தான் நான் பொறுப்பில்ல, அது உன் கருவாட்டோட வேலை." இப்போது பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "உள்ள வரதுக்கு முன்னால இதைப் போட்டிருந்தா எனக்குக் காய்ச்சலே தெரிஞ்சிருக்காது. உடம்பு முழுக்கப் பாத்திருக்கமாட்டேன். வலிக்குப் போடு, எங்கிட்ட மறைக்கறதுக்குப் போடாத. இப்ப எனக்குத் தெரிஞ்சாச்சு. ஏதாவது சாப்பிட்டுட்டுப் போட்டுக்க."

கப்பல் ஏற அனுமதிக்கும் சீட்டில் முத்திரை விழுந்தது.

வெளியே வந்து, அஞ்சலாட்சி மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த இட்லியைத் தின்றுவிட்டு, ஆஸ்பத்திரிக் குழாயடியிலேயே மாத்திரையை விழுங்கினாள். அஞ்சலாட்சி பார்க்காதவள் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாய்க்கால் ஓரமாகத் திரும்பி நடக்கையில் புஜத்தின் தெறிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒரு வாரமாக அவள் நினைப்பு முழுவதையும் அந்தக் கை பிடித்துவைத்திருந்தது. கை வலி விட்டதும் வேறொரு கலக்கம் வந்து உட்கார்ந்தது. சைகோனுக்குப் போகிறோம். நிஜமாகவே போகிறோம். நாலு வருஷத்துக்கு முன் கடற்கரைப் பாலத்திலிருந்து கப்பலுக்குப் படகேறிய லூயிஸின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். மீசை நினைவுக்கு வந்தது. கண் நினைவுக்கு வரவில்லை.

"வலி நின்னுச்சா?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"நின்னுடுச்சு."

"அப்புறம் ஏண்டி இவ்வளவு வேகமா நடக்கற?"

ஆனந்தமேரி நடையைக் குறைக்கவில்லை. இன்னும் ஒரு கோட்டு தேய்க்க வேண்டியிருக்கிறது என்று சொன்னாள்.