தலைச்சுமைக்குக் கீழே தெரிந்த நீல விளக்கு

ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியின் விளக்கைப் பார்க்கிற புத்தி எனக்கு. கல்யாண மண்டப வாசலில் கார் வந்து நின்றால், இறங்குவது மாப்பிள்ளையா மாமனாரா என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். இடது இண்டிகேட்டர் இப்படிச் சோகையாக எரிகிறதே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன். கொச்சி மட்டாஞ்சேரியில் வண்டி விளக்குக் கடை நடத்துகிறவள் நான். என் கணவருக்கு எர்ணாகுளத்தில் ஆபீஸ் வேலை. கடை முழுக்க என் கையில். வல்லார்பாடம் துறைமுகத்துப் பக்கம் பழுதான கண்டெய்னர் லாரிகளை இழுக்கிற கிரேன்களின் தலையில் சுழல்கிற மஞ்சள் விளக்குகள் பல என் கடையில் வாங்கியவை. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்டிக்கு எந்த விளக்கு என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. டூரிஸ்ட் பஸ்காரர்கள் வந்து, "சேச்சி, பாக்கறவன் கண்ணு கூசணும்" என்பார்கள். கண்கூசினவன் உன் மேலேயே வந்து மோதுவான், போ என்று அனுப்பிவிடுவேன். நடுரோட்டில் நிற்கிற கிரேனுக்கு, தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைக்க வைக்கிற மஞ்சள் வேண்டும். ஓடுகிற ஆம்புலன்ஸுக்கு, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று யோசிக்க நேரம் கொடுக்கிற நீலம் வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை.

இப்படிப்பட்ட என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் சங்கம் ஓர் ஆம்புலன்ஸுக்கு விளக்கு மாட்டியது. எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கிற சங்கம் அது. வண்டியை எல்லோருமாகச் சேர்ந்து வாங்கினோம். கமிட்டி உறுப்பினர் ஒருவர், மேலே மாட்டுகிற பெரிய லைட் பார் ஒன்றைத் தன் உபயமாக எர்ணாகுளத்திலிருந்து வாங்கி வந்து பொருத்திவிட்டார். எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அந்த வண்டியின் டிரைவர் என் மகள்.

என் மகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். மலையாளம் சரளம். ஸ்டீயரிங் அதைவிடச் சரளம். எங்கள் கடை வேனைப் பள்ளுருத்திக்கும் திருப்பூணித்துறைக்கும் ஓட்டிப் பழகியவள், ஆம்புலன்ஸ் ஓட்டுவதற்கான பயிற்சியையும் முடித்திருந்தாள். மழைக்காலம் முடியும்வரை பார்க்கலாம், அப்புறம் நிரந்தரம் என்று கமிட்டியில் சொன்னார்கள். அந்த வேலையை அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். சீருடையைத் தானே இஸ்திரி போடுவாள், என்னைத் தொடவிடமாட்டாள்.

பஜார் ரோட்டில்தான் சிக்கல் வந்தது. அந்தத் தெருவில் ஒரு பக்கம் முழுக்க லாரிகள் நின்று சரக்கு இறக்கும். மிச்சம் இருக்கிற இடத்தில்தான் ஆட்டோ, ஸ்கூட்டர், மூட்டை சுமக்கிற சுமட்டுக்காரர்கள், எல்லாம். மூச்சுத்திணறலோடு ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு வந்தவள் அங்கே மாட்டிக்கொண்டாள். சைரன் அலறியும் யாரும் நகரவில்லை. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பேச்சு கிளம்பிவிட்டது.

சங்கத்துச் செயலாளர் கடைக்கு வந்தார். பஜார் ரோட்டில் சுக்கு வியாபாரம் செய்கிறவர், நல்ல மனுஷர்தான்.

"தங்கச்சி, மனசுல ஒண்ணும் வைக்கண்டா. மோள் நல்ல குட்டிதான். ஆனா அந்த ரோட்டுல ஆம்பள டிரைவர்னா நாலு சத்தம் போட்டு வழி வாங்கிடுவான். அடுத்த கமிட்டியில அந்தப் பேச்சு வரும், அதான் முன்கூட்டியே சொல்றேன்."

"சத்தம் போடத்தான் சைரன் இருக்கே அண்ணா. அதுக்கு மேல அவன் என்ன கத்திடுவான்?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாப்பிடும்போது மகள் ஒன்று சொன்னாள். "அவங்க வேணும்னு நிக்கலம்மா. நான் வர்றதே அவங்களுக்குத் தெரியல. கிட்டக்க போனப்புறம் திடுக்கிட்டுத் திரும்பறாங்க."

அது எப்படித் தெரியாமல் போகும், தலையில் அவ்வளவு பெரிய விளக்கை வைத்துக்கொண்டு என்றுதான் நினைத்தேன். விடை என் தலையிலேயே இருந்தது.

அந்த வாரம் பார்சல் லாரி எங்கள் சந்துக்குள் வரமுடியாமல் பஜார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. நல்ல மழை. குடையும் பிடித்துப் பெட்டியும் தூக்க முடியாது. விளக்கு வந்த அட்டைப்பெட்டிக்கு பிளாஸ்டிக் சுற்றி, தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். எங்கோ சைரன் கேட்டது. இரண்டு பக்கமும் குடோன் சுவர்கள். முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்தா என்று புரியவில்லை. பெட்டிக்குக் கீழே எனக்குத் தெரிந்ததெல்லாம் ஈரத் தரையும் ஆட்களின் முழங்கால்களும்தான். சட்டென்று எதிரே ஒரு பம்பர் வந்து நின்றது.

"அம்மா, ஒண்ணு ஒதுங்கும்மா, கேஸ் எடுக்கப் போறேன்."

என் மகள். என் மகள் ஓட்டிய ஆம்புலன்ஸுக்கே நான் வழிவிடவில்லை. பெட்டியை இறக்கிப் பார்த்தால், உபயதாரரின் லைட் பார் மேலே திருவிழா மாதிரி மின்னிக்கொண்டிருக்கிறது. பெட்டி தலையில் இருந்தவரை அதில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட என் கண்ணில் படவில்லை. சுமட்டுக்காரர்கள் நாள் முழுக்க இப்படித்தானே நடக்கிறார்கள்? ஆட்டோக்காரனும் கூரைக்குக் கீழே, சின்னக் கண்ணாடியில்தான் பின்னால் பார்க்கிறான். இந்தத் தெருவில் யாருமே மேலே பார்ப்பதில்லை. அங்கேயே மழையில் நின்று சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மறுநாள் காலையில் மகளை வண்டியோடு வரச்சொல்லி, அந்தப் பெட்டியோடு செயலாளர் கடைக்குப் போனேன்.

"அண்ணா, இதை ஒண்ணு தலையில வைங்க."

"எதுக்கு தங்கச்சி?"

"வைங்க, சொல்றேன்."

வைத்தார். மகள் லைட் பாரைப் போட்டுக்கொண்டு, சைரன் இல்லாமல், எதிரே மெதுவாக வந்து நின்றாள்.

"இப்ப என்ன தெரியுது?"

"உன் செருப்பு தெரியுது."

"லைட்டு?"

"லைட்டா? எங்க?"

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சுமட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செயலாளர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வண்டியை அண்ணாந்து பார்த்தார். "போதும் தங்கச்சி. நீயே பாத்துச் செய்" என்றார்.

செய்தேன். உபயதாரர் மனம் கோணக்கூடாது என்று அவருடைய லைட் பாரைக் கழற்றவில்லை. இடம்வலம் ஓடிப் பறக்கிற அதன் மின்னலை மட்டும் நிதானப்படுத்தினேன். படபடவென்று துடிக்கிற விளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பிறகு முன்பக்கக் கிரில்லில், பம்பருக்குச் சற்று மேலே, இரண்டு நீல விளக்குகள். சந்து முனைகளில் குறுக்கே வருகிறவர்களுக்காக மட்கார்டில் பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் மாட்டிவிட்டு, ஒரு ஆட்டோவில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தேன். தலையில் பெட்டியை வைத்துக்கொண்டு பார்த்தேன். மழையில் எப்படித் தெரியும் என்று வாளியில் தண்ணீர் எடுத்து வீசிப் பார்த்தேன். நோயாளியை ஏற்றும்போது ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களின் கண்ணில் அடிக்காமலிருக்க, கீழ் விளக்குகளை மட்டும் அணைக்கத் தனி சுவிட்ச். ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் ரோட்டில் ஓடவிட்டேன்.

அதன்பிறகு கமிட்டி கூடவில்லை, டிரைவரை மாற்றுகிற பேச்சும் எழவில்லை. ஆனால் நிரந்தரம் என்றும் சொல்லவில்லை. மழைக்காலம் முடியட்டும் என்றார்கள். மகள் வழக்கம்போலச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு பகலில், பள்ளுருத்தியில் ஒரு வேலையை முடித்துவிட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். பஜார் ரோட்டில் வழக்கமான நெரிசல், மழை வேறு. திடீரென்று ஆட்டோக்காரர் யாரும் சொல்லாமலே இடதுபக்கம் ஒடித்து, ஒரு லாரியின் பின்னால் ஒதுங்கினார். அவருடைய கண்ணாடியில் நீலம். சைரன் அதற்கப்புறம்தான் காதுக்கு வந்தது. முன்னால் அரிசி மூட்டையோடு போய்க்கொண்டிருந்த சுமட்டுக்காரர் நின்றார். தன் காலடியில், ஈரத் தரையில் விழுந்து விழுந்து மறைகிற நீலத்தைப் பார்த்து, திரும்பி, சுவரோடு ஒட்டிக்கொண்டார். சுக்குக் கடை வாசலில் நின்ற செயலாளர், "நம்ம பொண்ணு வர்றா, ஒதுங்கி நில்லுங்க" என்று இரண்டு கைகளாலும் ஆட்களை விலக்கினார். நம்ம பொண்ணு என்று அவர் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

வண்டி எங்களைக் கடந்தது. இந்தப் பக்கம் ஆட்டோவின் விளிம்பு, அந்தப் பக்கம் குடோன் சுவர், நடுவில் ஒரு கை அகலம்கூட மிச்சமில்லை. அவள் பிரேக்கைத் தொடவில்லை, ஹார்ன் அடிக்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில், கண் நேரே முன்னால். என்னை அவள் பார்க்கவில்லை. வண்டி மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, நான் பார்த்துப் பார்த்து மாட்டிய விளக்கு பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று நான் கவனிக்கவே இல்லை.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். "நல்ல லைட்டு, அல்லே சேச்சி? தூரத்திலேயே தெரியுது."

என் வாழ்நாளில் யாராவது ஒரு விளக்கைப் புகழ்ந்து, அது என் கடை விளக்கு என்று சொல்லாமல் நான் விட்டது அந்த ஒரு தடவைதான்.

"லைட்டு கிடக்கட்டும் சேட்டா," என்றேன். "டிரைவரைக் கண்டோ?"