ஜெபமாலை அடுக்கிய படச்சுருள்கள்

ஐம்பத்து நாலாம் வருஷத்திலேயே பாம்பனை அடுத்த அக்காள்மடத்தில் ஒரு வீட்டில் சினிமா ஓடியது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ஓடத்தான் செய்தது. வேதமுத்துவின் கருவாட்டுக் கொட்டகையில், ஜன்னல்களைப் பாய்த்துணியால் அடைத்துவிட்டுப் பட்டப்பகலில் ஓடியது.

வேதமுத்து கொழும்புத் துறைமுகத்தில் பளு தூக்கும் எந்திரம் ஓட்டியவர். கூட வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது தன்னுடைய சின்னப் படக் காமிராவையும், கையால் சுற்றி ஓட்டுகிற புரொஜெக்டரையும் அவரிடம் தள்ளிவிட்டுப் போனார். அதன்பின் விடுப்பில் வரும்போதெல்லாம் வேதமுத்துவின் கையில் காமிராதான். வள்ளம் கடலில் இறங்குவது, வேதக்கோயில் கொடியேற்றம், பாலத்தில் ரயில் வருவது, ஆடு குட்டி போடுவது, எல்லாவற்றையும் எடுத்தார். எடுத்ததைக் கொழும்பில் கொடுத்துக் கழுவி அடுத்த விடுப்பில் கொண்டுவருவார். ஊரில் கரண்ட் கிடையாது. விளக்கு எரிய பாம்பனிலிருந்து மதார் தன் லாரி பாட்டரியைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவார். அதற்குக் கூலி, முன்வரிசையில் ஓர் இடம்.

படம் பார்க்க ஊரே வரும். ஆனால் எந்தச் சுருளில் எது இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஒரே மாதிரியான சின்னச் சின்ன மஞ்சள் அட்டைப் பெட்டிகள், ஒரு தகரப் பெட்டி நிறைய. எடுத்தவருக்கே ஞாபகம் இருக்காது. "இதுவா இருக்கும், ஓட்டிப் பாப்போம்" என்பார்.

அந்த அலட்சியம், ஆறேழு வருஷம் கழித்து ஒரு நாள், மானத்தை வாங்கியது. வேதமுத்துவின் மகள் அருள்மேரியைப் பார்க்கப் பாம்பனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். தன் புது வள்ளத்தைச் சாமியார் மந்திரித்துக் கடலில் இறக்கிய படத்தைக் காட்டிச் சம்பந்தியை அசத்த வேண்டும் என்பது வேதமுத்துவின் ஆசை. கொட்டகையை இருட்டாக்கிச் சுற்ற ஆரம்பித்தார். திரையில் ஒரு மாடு வந்தது. நின்றது. அசை போட்டது. வெகுநேரம் அசை போட்டது.

"வள்ளம்னு சொன்னீக, வாலு முளைச்சிருக்கே" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. வேதமுத்து சுற்றுவதை அங்கேயே நிறுத்திவிட்டார். கொட்டகை சிரித்து அடங்க நேரமாயிற்று. அருள்மேரி கதவுக்குப் பின்னால் அழுதேவிட்டாள். சம்பந்தம் என்னவோ முடிந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பு வேதமுத்துவின் தங்கை ஜெபமாலையின் காதிலிருந்து போகவில்லை.

ஜெபமாலைக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருந்தது. கட்டிக்கொடுத்த சில வருஷங்களிலேயே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வலை பின்னுவாள், கோயிலில் பாட்டுக்குக் குரல் கொடுப்பாள். மற்றபடி, வந்து ஒட்டிக்கொண்ட தங்கை என்பதற்கு மேல் அவளுக்கென்று ஊரில் ஒரு பேர் கிடையாது.

அண்ணன் கொழும்புக்குக் கிளம்பிய அன்று கேட்டாள்.

"அண்ணே, அந்தப் பெட்டிய நான் ஒழுங்கு பண்ணட்டா?"

"என்னத்த ஒழுங்கு பண்ணப்போற? உமி மாதிரி கொட்டிக் கெடக்கு."

"சாவிய மட்டும் குடுத்துட்டுப் போங்க. நான் பாத்துக்கிறேன்."

கொடுத்தார். அவர் போனதும் அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளேயிருந்து உப்புக்காற்றின் ஈரவாடை வந்தது. சில சுருள்களில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. முதல் வேலையாகப் பழைய மல்வேட்டியைக் கிழித்துச் சுருள் சுருளாகத் துடைத்தாள். அட்டைப் பெட்டிகளைத் தூர எறிந்துவிட்டு, மூடி இறுக்கமான தகர டப்பாக்களைக் கடைகடையாகக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொன்றிலும் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டாள். மூடியின் ஓரத்தைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி அடைத்தாள். அடுப்படியிலிருந்து தள்ளி, உயரமாக ஒரு பலகை அடித்து வைத்தாள்.

எதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் பெரிய வேலை. ஒவ்வொரு படமும் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. வாசல் வெளிச்சத்துக்கு நேராகச் சுருளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். வருஷ வாரியாக அடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். வருஷம் யாருக்குத் தெரியும்? ஆனால் எங்கள் கோயிலின் கோபுரம் அப்போது காசு சேரச் சேரக் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு சுருளில் கோபுரம் சாரத்தோடு ஆள் உயரம் நின்றது. இன்னொன்றில் மணி ஏறியிருந்தது. வேறொன்றில் சுண்ணாம்பு அடித்திருந்தது. கோபுரம் தெரியாத சுருளில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பல்லைப் பார்த்தாள். பால்பல் விழுந்த வாய், புதுப்பல் முளைத்த வாய். எது முன்னால் எது பின்னால் என்று பிடிபட்டுவிட்டது.

வரிசை சரியானதும் அவளுக்குக் கை துறுதுறுத்தது. அண்ணன் வைத்திருந்த பிளேடையும் ஒட்டுப் பசையையும் எடுத்து, வள்ளம் இறங்குகிற படத்துக்கு முன்னால் இருந்த மாட்டை வெட்டி எடுத்துவிட்டாள். இனி எந்தச் சம்பந்தியும் சிரிக்க மாட்டான்.

அடுத்த விடுப்பில் வேதமுத்து வந்தார். பலகையில் அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்து மலைத்துப்போனார். வள்ளத்துப் படத்தை ஓட்டச் சொன்னார். ஓட்டினாள். அவர் முகம் மாறியது.

"மாடு எங்க?"

"வெட்டிட்டேன்ணே. அதுனாலதான அன்னிக்கி நமக்கு..."

"ஏய், அது யாரு மாடு தெரியுமா? அம்மா வளத்த மாடு. சரியாப் பாத்தியா நீ?"

நல்லவேளை, வெட்டிய துண்டை ஜெபமாலை எறியவில்லை. எடுத்துவந்து ஒட்டி ஓட்டினாள். மாடு அசை போட்டது. கடைசியில், மாட்டுப் படம் முடிகிற இடத்தில், ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு மாட்டின் கயிற்றை அவிழ்த்தது. காப்புப் போட்ட ஒரு கிழட்டுக் கை. அவ்வளவுதான். அந்த அம்மா செத்து மூன்று வருஷமாகியிருந்தது. அவர் முகம் எந்தச் சுருளிலும் இல்லை. காமிராவைக் கண்டாலே உள்ளே ஓடிவிடுகிறவர்.

"இன்னொரு தடவை சுத்து" என்றார் வேதமுத்து. சுற்றினாள்.

அன்றைக்கே அவள் பிளேடைத் தூக்கி வைத்துவிட்டாள். எதையும் வெட்டுவதில்லை. ஆடிப்போன படம், காமிராவை நிறுத்த மறந்து தரையையும் காலையும் எடுத்த படம், எதுவானாலும் அப்படியே இருக்க வேண்டும். வெட்டாமல் எப்படிப் பிரிப்பது? ஒரே சுருளில் நாலு குடும்பம் வருகிறதே!

விடை கடற்கரையிலேயே கிடந்தது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. வள்ளத்தின் முகப்பிலும் வலையின் மிதப்புக் கட்டையிலும் அதைப் போடுவார்கள். ஒருவருக்கு நங்கூரம், ஒருவருக்கு நட்சத்திரம், ஒருவருக்கு இரட்டை மீன். ஜெபமாலை வள்ளத்துக்கு அடிக்கிற பெயிண்டைக் கொஞ்சம் வாங்கிவந்து, அந்தந்தச் சுருளில் எந்தெந்தக் குடும்பம் எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையிலேயே குறிகளை டப்பா மூடியில் எழுதினாள். பக்கத்தில் கோபுரத்தையும் வரைந்தாள். அது எவ்வளவு உயரமோ, படம் அவ்வளவு புதுசு. எழுத்துத் தெரியாத கிழவர்கூட வந்து மூடிகளைப் பார்த்து, "இந்தா, இதுல நான் இருக்கேன்" என்று விரலை வைத்தார். வெளியூர் வள்ளங்கள் வந்து நிற்கிற படங்களிலும் குறியைப் பார்த்து எழுதினாள். அது யாருடையது என்று தெரியாவிட்டாலும் எழுதிவைத்தாள்.

"தெரியாத ஆளுக்கெல்லாம் எதுக்கு எழுதுற?" என்று அவள் மதினி கேட்டதற்கு, "நமக்குத்தான மதினி தெரியாது, அவுகளுக்குத் தெரியுமே" என்றாள்.

அதற்குப் பிறகு கொட்டகையில் குழப்பமே வந்ததில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, "எங்க அய்யா வலை இழுக்கிறதப் போடுத்தா" என்பார்கள். எழுந்து போய் எடுப்பாள், போடுவாள். சுற்றுவதும் அவள்தான்.

அறுபத்து நாலாம் வருஷம் டிசம்பரில் புயல் வந்தது. வேதமுத்து கொழும்பில் இருந்தார். தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் எல்லாரும் கோயிலுக்கு ஓடினார்கள். மதினி நகையையும் பித்தளைப் பாத்திரங்களையும் கட்டினாள். ஜெபமாலை டப்பாக்களையும் புரொஜெக்டரையும் தகரப் பெட்டியில் அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டாள்.

"புத்தி கெட்டவளே, சோறு ஆக்க ஒரு சட்டி எடுத்தியா நீ?" என்று மதினி கத்தினாள்.

"சட்டி வாங்கிக்கலாம் மதினி" என்றபடி தொடையளவு தண்ணீரில் நடந்தாள் ஜெபமாலை.

அக்காள்மடத்தில் கூரைகள் போயின, வள்ளங்கள் போயின. தனுஷ்கோடியில் ஊரே போயிற்று. பிழைத்தவர்கள் நடந்தும் படகிலும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். எங்கள் கோயிலிலும் பலர் தங்கினார்கள். கட்டிய துணியைத் தவிர அவர்களிடம் எதுவும் இல்லை.

அவர்களில் ஒருவர் வேதநாயகம். தனுஷ்கோடியில் சொந்த வள்ளம் வைத்திருந்தவர். மனைவியைக் கடல் கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. யாரோ சொல்லி, தை மாதம் பிறந்த பிறகு ஜெபமாலையைத் தேடி வந்தார்.

"ஓடுற படம் வச்சிருக்கீகளாமே தாயி. எம் பொஞ்சாதியோட ஒரு போட்டோகூட இல்ல. எல்லாம் தண்ணியில போயிருச்சு. நாலஞ்சு வருஷத்துக்கு முந்தி உங்க ஊர்க் கொடியேத்தத்துக்கு வள்ளத்துல வந்திருந்தோம். இருக்காதுதான். சும்மா கேட்டுப் பாப்போம்னு..."

"உங்க வள்ளத்துக் குறி என்ன?"

அவர் குனிந்து மணலில் விரலால் வரைந்தார். ஒரு சாவி, அதன் மேல் சிலுவை.

ஜெபமாலை அதைப் பார்த்ததும் உள்ளே போனாள். கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்த வருஷத்து டப்பாக்களில் துழாவினாள். சாவியும் சிலுவையும் ஒரு மூடியில் கடைசியாக இருந்தன. வெளியே வந்து, "இருக்கு" என்றாள். "ஆனா உங்க வீட்டுக்காரவுக இருக்காகளான்னு எனக்குத் தெரியாது. வள்ளம் இருக்கு. பாப்போம்."

மதாருக்கு ஆள் போயிற்று. புயலில் லாரி சேதப்பட்டிருந்தாலும் பாட்டரி தப்பியிருந்தது. கொட்டகைக்குக் கூரை இல்லாததால் கோயில் சாமான் அறையை இருட்டாக்கிச் சுவரில் வேட்டியைக் கட்டினார்கள். ஜெபமாலை சுற்றினாள். கொடி ஏறியது. ஜனங்கள் மண்டியிட்டார்கள். வள்ளங்கள் வரிசையாக நின்றன. பிறகு படம் ஆடிச் சாய்ந்தது. வேதமுத்து காமிராவை நிறுத்தாமலே கையைக் கீழே விட்டிருந்தார். மணல் ஓடியது, கால்கள் ஓடின. அந்தக் கால்களுக்கு நடுவே, ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். படம் எடுக்கிறார்கள் என்று புரிந்து, வாயில் பொரியோடு சிரித்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வேதநாயகம் எழுந்துவிட்டார். "அவதான்" என்றார். பிறகு உரக்கச் சொன்னார்: "அவதான்! எம் பொஞ்சாதிதான் அது!"

ஜெபமாலை பின்னுக்குச் சுற்றினாள். மறுபடி முன்னுக்குச் சுற்றினாள். அவர் போதும் என்கிற வரைக்கும் சுற்றினாள். கை வலித்ததா என்று பிற்பாடு யாரோ கேட்டதற்கு, "வலிச்சுச்சு, அதுக்கென்ன இப்ப" என்றாளாம்.

பாலம் உடைந்து கிடந்ததால், மறுநாள் அந்தச் சுருளோடு அவளே படகில் கடல் தாண்டி இராமநாதபுரம் போய், ஒரு ஸ்டூடியோவில் அந்த ஒரு படத்தை மட்டும் பெரிசாக்கிப் போட்டோ எடுத்துத் தரச் சொன்னாள். மங்கலாகத்தான் வந்தது. ஆனாலும் சிரிப்பு தெரிந்தது. வேதநாயகம் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

செய்தி பரவியது. தங்கச்சிமடத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் இராமேஸ்வரத்து முகாம்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்ததும் மணலில் குறியை வரைவார்கள். இருந்தால் காட்டினாள். இல்லாவிட்டால், "இல்லய்யா, நல்லாப் பாத்துட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். யாரையும் பொய் நம்பிக்கையில் காக்கவைக்கவில்லை. தங்கள் ஆட்கள் இல்லாதவர்களும் எழுந்து போகவில்லை. யாராவது ஒருவருக்காவது கிடைக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

வேதமுத்து வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தபோது வெயில் காலம். வாசலில் முன்பின் தெரியாதவர்கள் நின்றார்கள். காமிராக்காரர் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு ஒருவர் அவரிடமே வந்து தன் தகப்பனின் படம் இருக்குமா என்று கேட்டார்.

"என்ட்டக் கேட்டா?" என்றார் வேதமுத்து. "நான் சும்மா எடுத்துக் குமிச்சவன். அதப் படமா ஆக்குனது எந்தங்கச்சி. அவளக் கேளுங்க." சொல்லும்போது அவர் குரல் தெருமுனை வரை கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார். அதன்பின் எங்கே போனாலும், "ஜெபமாலைக்கு அண்ணன்" என்று தன்னைச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார். ஊரும் அப்படியே சொல்லத் தொடங்கியது.

அந்த வருஷம் புயலில் தப்பியவர்களுக்குப் புதுக் குடிசைகள் எழும்பின. குடிபோகிற நாளில் படம் எடுக்க வேதமுத்துவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் காமிராவைத் தங்கையின் கையில் கொடுத்தார்.

"நீ எடு. எது வேணும் எது வேணாம்னு உனக்குத்தான் தெரியும்."

"எல்லாமே வேணும்ணே" என்று சொல்லிவிட்டு ஜெபமாலை காமிராவைக் கண்ணில் வைத்தாள். பிள்ளைகளை எடுத்தாள், அடுப்பு மூட்டுகிற பெண்களை எடுத்தாள், வாசலில் வெட்கப்பட்டு நின்ற வேதநாயகத்தை எடுத்தாள். உள்ளே ஓடப் பார்த்த ஒரு கிழவியின் கையைப் பிடித்து நிறுத்தி, "ஆத்தா, இங்கன பாருங்க, முகத்தக் காட்டுங்க" என்றாள். கிழவி பல்லில்லாத வாயோடு நேராகப் பார்த்தாள். காமிரா கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.