உறங்கும் கண்ணில் ஒரு லென்ஸ்

மாரிசெல்விக்குக் கண்ணாடியைக் கழற்றினால்தான் வேலை ஓடும். ராஜபாளையத்துக்கு அந்தப் பக்கம் சத்திரப்பட்டியில், காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனியில் அவள் செக்கிங்கில் இருக்கிறாள். வெளுத்து வந்த துணியில் இழை அறுந்திருக்கிறதா, எண்ணெய்க்கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். தடித்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மூக்கு உரசுகிற அளவுக்குத் துணியைக் கிட்டே கொண்டுவருவாள். அந்த ஒரு சாண் தூரத்துக்குள் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. “செல்வியக்கா துணிய மோந்து பாக்கா” என்று கூட வேலை பார்க்கிற பெண்கள் சிரிப்பார்கள்.

அந்தச் சாண் தூரத்துக்கு அப்பால் எல்லாம் புகைதான். தளவாய்புரம் பள்ளிக்கூடத்தில் அவள் படித்த காலத்தில் கரும்பலகை இருக்கிற திசை தெரியும், எழுத்து தெரியாது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவாள். திருட்டுக் கழுதை என்று பெயர் வாங்கினாள். எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் தெரியும், மற்றவர்கள் கெட்டிக்காரர்கள், தான் மக்கு என்று நினைத்துக்கொண்டு எட்டாவதோடு நின்றுவிட்டாள். மில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு கண் முகாமில்தான் முதல் கண்ணாடி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தவள், மின்கம்பியில் உட்கார்ந்திருந்த ஒரு காக்கை அலகைத் திறந்து மூடுவதைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். அதுவரை காக்கை என்றால் அவளுக்குச் சத்தம்தான்.

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தாள். புருஷன் பாலகணேஷ் மினி லாரியில் நூல் லோடு அடிக்கிறவன். ஒரே மகள் சிவரஞ்சனி. அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் டிவியின் முன்னால் போய் ஒட்டி நின்றபோதே மாரிசெல்விக்கு விஷயம் புரிந்துவிட்டது. கண்ணாடி வாங்கிப் போட்டார்கள். அடுத்த வருஷம் பவர் ஏறியது. அதற்கடுத்த வருஷமும் ஏறியது. ஒவ்வொரு கோடை விடுமுறை முடியும்போதும் கண்ணாடிக் கடைக்காரர், “கொஞ்சம் கூடியிருக்கும்மா, வளர்ற பிள்ளைல்லா” என்று சாதாரணமாகச் சொல்லுவார். மாரிசெல்வி மகளின் பழைய கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளுவாள்.

சிவரஞ்சனிக்குப் பத்து வயது நடந்தபோது மாரிசெல்வியின் இடது கண்ணோரத்தில் மின்னல் போல வெட்ட ஆரம்பித்தது. கொசு பறப்பது போலக் கறுப்புப் புள்ளிகள் வேறு. கம்பெனி சூப்பர்வைசர்தான் பயந்துபோய் மதுரைக்கு அனுப்பினார். அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆனந்தவல்லி என்கிற டாக்டர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, விழித்திரையில் ஒரு சின்ன ஓட்டை இருப்பதாகச் சொன்னார். அன்றைக்கே லேசர் வைத்து அதைச் சுற்றி அடைத்தார்.

“இது ஏன் டாக்டர் வந்துச்சு?” என்று மாரிசெல்வி கேட்டாள்.

“உங்க கண்ணு உருண்டையா இல்லம்மா. பின்பக்கமா நீண்டு முட்டை மாதிரி இருக்கு. சின்ன வயசுல நிக்காம நீண்டுக்கிட்டே போயிருக்கு. நீள நீள உள்ள இருக்கிற திரை இழுபட்டு மெலிஞ்சிரும்.”

கண் நீளும் என்பதை மாரிசெல்வி அன்றுதான் கேள்விப்பட்டாள். கை கால் வளர்வது போலக் கண்ணும் வளர்கிறது. யாருக்கும் தெரியாமல், மண்டைக்குள் வளர்கிறது. அவள் தன் கண்ணை மறந்துவிட்டுக் கேட்டாள்:

“எம் மகளுக்கும் வருஷா வருஷம் பவர் ஏறுது டாக்டர். அவ கண்ணும் நீளுதா?”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். “அடுத்த தடவை அவளைக் கூட்டிட்டு வாங்க.”

கூட்டிக்கொண்டு போனாள். அளந்து பார்த்தார்கள். நீளத்தான் செய்தது. அந்த வயதுக்கு இருக்க வேண்டியதைவிட இப்போதே அதிகம் நீண்டிருந்தது. ராத்திரி மட்டும் போட்டுக்கொள்கிற ஒரு லென்ஸ் இருக்கிறது, இந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

வீட்டில் பாலகணேஷ் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

“தூங்கும்போது கண்ணு மூடில்லா இருக்கும். இருட்டுக்குள்ள எதைப் பாக்கதுக்கு லென்ஸு?”

“பாக்கதுக்கு இல்லங்க. கண்ணை அமுக்கதுக்கு.”

இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கு உடனே தோன்றியது. பாலகணேஷ் முகம் மாறிவிட்டது.

“ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? பச்சப் பிள்ள கண்ணை அமுக்கச் சொல்லுதியே. கண்ணாடி போட்டா தெரியுதுல்லா, பொறவு என்ன?”

“கண்ணாடி போட்டா தெரியும். ஆனா உள்ள நீளுதது நிக்காது. எனக்கு நிக்கல.” அவள் குரலை உயர்த்தவில்லை. “நீங்களே ஒருக்கா வாங்க. கேக்கதை எல்லாம் அவியகிட்டயே கேளுங்க.”

பாலகணேஷ் வந்தான். டாக்டர் சிவரஞ்சனியை ஒரு கருவியின் முன் உட்காரவைத்து, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொன்னார். செத்த நேரத்தில் திரையில் ஒரு படம் வந்தது. மஞ்சளும் பச்சையும் ஆரஞ்சுமாக வட்டம் வட்டமாக இருந்தது. கருவிழியின் மேடு பள்ளம் அது என்றார். மலையின் உயரங்களை வண்ணம் போட்டுக் காட்டுகிற வரைபடம் போல, ஒரு சட்டைப் பொத்தான் அளவே இருக்கிற இடத்துக்கு அத்தனை விவரமான வரைபடம். இதைப் பார்த்து இந்தக் கண்ணுக்கென்றே லென்ஸைச் செய்துவர வேண்டும் என்றார்.

“லென்ஸ் கண்ணை நேரா அமுக்காது,” என்று பாலகணேஷைப் பார்த்துச் சொன்னார். “அதுக்கும் கண்ணுக்கும் நடுவுல கண்ணீர் மெல்லிசா ஒரு படலமா நிக்கும். அந்தக் கண்ணீர்தான் ராத்திரி பூரா அழுத்தி, நடுவுல கொஞ்சம் தட்டையாக்குது.”

“எம்புட்டு தட்டையாகும்?”

“ஒரு தலைமுடியோட கனத்துல சின்னப் பங்கு. அவ்வளவுதான். அது போதும், பகல் பூரா கண்ணாடி இல்லாம தெரியும். அதோட கண்ணு நீளுற வேகமும் குறையும். நிறைய பிள்ளைங்களுக்குக் குறைஞ்சிருக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரி குறையும்னு நான் சொல்ல மாட்டேன்.”

“போடுததை விட்டுட்டா?”

“சில நாள்ல பழையபடி ஆயிரும். கண்ணு தன்னோட உருவத்துக்குத் திரும்பிரும். இன்னொன்னும் கேட்டுக்கோங்க. சுத்தம் தப்புனா கிருமி வந்து பார்வையே போகலாம். லென்ஸ்ல குழாய்த்தண்ணி ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. கண்ணு சிவந்தாலோ வலிச்சாலோ அன்னைக்கு லென்ஸ் கிடையாது. நேரா இங்க வந்துரணும்.”

திரும்பும் பஸ் திருமங்கலம் தாண்டியது. பாலகணேஷ் சொன்னான்: “ஆபத்தை மறைக்காமச் சொல்லுதாவ. அப்ப நம்பலாம்.” லென்ஸ் செலவில் அந்த வருஷம் மாடியில் அறை எடுக்கிற பேச்சு தள்ளிப்போனது.

லென்ஸ் வந்த அன்று ஆஸ்பத்திரியில் மாரிசெல்வியை மகளின் கண்ணில் போட்டுப் பழகச் சொன்னார்கள். கைவிரல் நுனியில் ஒரு மழைத்துளி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இதுவா ராத்திரி முழுக்க வேலை செய்யப்போகிறது என்று அவளுக்கு நம்பவே முடியவில்லை. மகளின் இமையைப் பிரித்துப் பிடித்து விரலைக் கிட்டே கொண்டுபோனால் பிள்ளை கண்ணை இறுக்கிக்கொண்டது. மறுபடியும் முயன்றாள். லென்ஸ் கன்னத்தில் விழுந்தது. நர்ஸ் அதற்கான மருந்துநீரில் பொறுமையாகக் கழுவிக் கொடுத்தாள்.

பிறகு அவள் தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். அறை முழுக்கப் புகையாகிவிட்டது. மகளின் முகத்துக்குக் கிட்டே போனாள், மூச்சு படுகிற தூரத்துக்கு. இப்போது அந்தக் கண் ஒன்றுதான் உலகத்தில் இருந்தது. கண்மணியைச் சுற்றிய பழுப்பு வளையத்தில் நார் நாராகக் கோடுகள், தாமரையின் உள்பக்கம் போல. அவள் பெற்ற பிள்ளைதான். இத்தனை வருஷத்தில் இதை அவள் பார்த்ததில்லை.

“எம்மா, நீ மூச்சே விடல. முதல்ல மூச்ச விடு,” என்றாள் சிவரஞ்சனி.

மாரிசெல்வி மூச்சை விட்டாள். லென்ஸ் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் அதுவே பழக்கமாயிற்று. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டாள். சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான துணியில் ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பாள். முதல் ராத்திரி பிள்ளை தூங்கிப்போன பிறகு பாலகணேஷ் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். காலையில் சொட்டு மருந்து விட்டு, டாக்டர் சொன்ன நேரம் காத்திருந்து, சின்ன ரப்பர் உறிஞ்சியால் லென்ஸை எடுத்தார்கள். மூன்று பேரும் கோயில் கோபுரம் தெரிகிற மொட்டைமாடிக்குப் போனார்கள்.

“கோபுரம் தெரியுதா?” என்று பாலகணேஷ் கேட்டான்.

சிவரஞ்சனி கண்ணைச் சுருக்கினாள். “கொஞ்சம் தெரியுது. ஆனா கலங்கலா இருக்கு.”

மாரிசெல்விக்கு அந்தக் ‘கொஞ்சம்’ போதுமாக இருந்தது. கண்ணாடி இல்லாமல் அந்தப் பிள்ளைக்கு நேற்றுவரை கோபுரம் ஒரு நிழல்தான். ஒரு ராத்திரியில் நிழலுக்கு ஓரம் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஏதோ ஒன்று கூடுதலாக வந்து சேர்ந்தது. கோபுரத்தின் நிலைகள் வந்தன, மேலே கலசங்கள் வந்தன. ஒரு காலையில், “எம்மா, கலசத்துக்குப் பக்கத்துல புறா இருக்கு” என்றாள். மாரிசெல்வி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவளுக்குக் கோபுரம் மட்டும்தான் தெரிந்தது. டாக்டர் சோதித்துவிட்டு, இனிமேல் பள்ளிக்கூடத்துக்குக் கண்ணாடி வேண்டாம் என்றார். தினமும் வெயிலில் விளையாடவிடுங்கள், அதுவும் மருந்துதான் என்றும் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போனார்கள். வனத்துறைச் சோதனைச்சாவடியில் சொல்லிவிட்டு மாந்தோப்பை ஒட்டி நடந்தபோது சிவரஞ்சனி அப்பாவின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எப்பா, அந்தா, மலை அணில்.”

“எங்கட்டி?”

“உச்சிக் கொப்புல. வால் கீழ தொங்குது பாருங்க. எதையோ ரெண்டு கையிலயும் பிடிச்சுத் திருப்பித் திருப்பித் திங்குது.”

ராத்திரியெல்லாம் ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டுகிற பாலகணேஷுக்கே அதைக் கண்டுபிடிக்கச் செத்த நேரம் ஆனது. கண்டதும், “ஆமா, ஆமா” என்று மெல்லச் சொன்னான். மாரிசெல்விக்கு அணில் கடைசிவரை தட்டுப்படவில்லை. அவள் மரத்தை விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். அண்ணாந்த முகத்தில் கண்கள் வெறுமனே இருந்தன. பிரேம் இல்லை, கண்ணாடியில் வெயில் பட்டு மின்னுவது இல்லை. அந்தக் கண்ணில் இப்போது எந்தப் பொருளும் இல்லை, நேற்று ராத்திரி கண்ணீர் செய்துவிட்டுப் போன வேலை மட்டும்தான் இருக்கிறது. மாரிசெல்விக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் நடை திறக்கும்போது வருகிற சிலிர்ப்பு அது. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

ஐப்பசி மழை நாளில் ஒரு காலை சிவரஞ்சனியின் வலது கண் சிவந்திருந்தது. “லேசா உறுத்துது, அவ்வளவுதான்” என்றாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேறு. மாரிசெல்வி காத்திருக்கவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டு மகளை மதுரை பஸ்ஸில் ஏற்றினாள். எங்கே தப்பு செய்தோம், எந்தக் கையைச் சரியாகத் துடைக்கவில்லை என்று ஒவ்வொரு ராத்திரியாக நினைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

கிருமி இல்லை. ஏதோ தூசி விழுந்து பிள்ளை கசக்கியிருந்தது. டாக்டர் மருந்து கொடுத்து, ஒரு வாரம் லென்ஸ் வேண்டாம் என்றார். “யோசிக்காம கிளம்பி வந்தீங்க பாருங்க, அதுதான் சரி,” என்றார்.

அந்த வாரம் இன்னொரு ஆச்சரியம் நடந்தது. கோபுரத்துப் புறா முதலில் போனது. பிறகு கலசம் போனது. நிலைகள் ஒன்றோடொன்று கலந்தன. “எம்மா, எல்லாம் திரும்பிப் போகுது” என்று சிவரஞ்சனி அழுதாள். மாரிசெல்வி அவளைத் தேற்றினாலும் மனசுக்குள் அதிசயித்தாள். மாதக்கணக்கில் ராத்திரி ராத்திரியாக அழுத்தியும் அந்தக் கண் தன் உருவத்தை மறக்கவில்லை. தலையணையில் கை அழுந்திய குழி தானாக மேலே எழும்புவது போல அது எழும்பி வந்தது. வளைந்து கொடுக்கவும் தெரிகிறது, திரும்பவும் தெரிகிறது. அதற்குள் யார் இருந்து இதையெல்லாம் நடத்துகிறார்களோ என்று நினைத்துக்கொண்டாள். பிறகு லென்ஸ் போட ஆரம்பித்ததும் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

வருஷம் திரும்பியபோது மறுபடி கண்ணின் நீளத்தை அளந்தார்கள். டாக்டர் போன வருஷத்து அளவையும் இந்த வருஷத்து அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மாரிசெல்வி முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீளம் கூடுனதே தெரியலம்மா,” என்றார் டாக்டர். “இதே மாதிரி நின்னா நல்லது. இன்னும் சில வருஷம் விடாமப் பாக்கணும். இடையில சோர்ந்துரக் கூடாது.”

“சோரமாட்டேன் டாக்டர்.”

மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கல்லுப்பட்டி வருவதற்கு முன்பே சிவரஞ்சனி அம்மாவின் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். மூடிய இமைக்குக் கீழே விழி மெல்ல அசைந்தது, ஏதோ கனவு போலிருக்கிறது. மாரிசெல்வி குனிந்து கிட்டத்தில் பார்த்துக்கொண்டே வந்தாள். ரோட்டு வேலை நடக்கிற இடத்தில் புழுதி கிளம்பியபோது கையை நீட்டி ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள்.