கையா, சக்கரமா

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்றே பெயர். பழக வந்தவர்கள் பதறினால் சத்தம் போடமாட்டாள். பக்கத்து இருக்கையில் தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மெல்ல அழுத்துவாள். பள்ளி வண்டியை அவள் ஓட்டுவதே அபூர்வம். ஓட்டுவதெல்லாம் வீட்டுக்குப் போய்வரும் தன் பழைய காரைத்தான்.

அந்தக் கார் தம்பியின் கண்ணை உறுத்தியது. அக்காவின் பிறந்தநாளுக்குப் புதுச் சக்கரங்கள் மாட்டிக்கொடுத்தான். அவை காரின் உடம்பைவிட்டு வெளியே தள்ளி நிற்க, அது காலை அகட்டி நின்றது. வளைவுகளில் முன்போலச் சாயவில்லை. அவளுக்கும் பிடித்துப்போயிற்று.

மழைக்குப் பிறகு சாலை குண்டும் குழியுமானது. ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது. வீடு வந்தால் மணிக்கட்டு வலித்தது. அப்பாவுக்கு வந்த நோயும் இப்படிக் கையில்தான் தொடங்கியது. கடைசியில் டம்ளர்கூடப் பிடிக்க முடியாமல் போனார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒருநாள் கரண்டி நழுவியதும் தனக்கும் அதே நோய்தான் என்று முடிவுகட்டிவிட்டாள். கணவரிடம் மூச்சுவிடவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

அந்த வாரம், பழக வந்த அம்மாள் ஒருவர் பாலத்தின் நடுவே உறைந்துபோனார்.

“என்னால ஆகாதும்மா, நீங்களே ஓட்டுங்க!”

வேறு வழியில்லை, இடம் மாறினாள். பாலம் இறங்கியதும் அதே குண்டும் குழியுமான சாலை. பற்களைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பள்ளி வண்டியின் ஸ்டியரிங்கோ கன்றுக்குட்டிபோல அடங்கிக் கிடந்தது. வேண்டுமென்றே இன்னொரு குழியில் இறக்கினாள். கை அசையவில்லை.

“ஐயோ, பாத்தும்மா!” என்றார் அந்த அம்மாள்.

அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் தன் காரை நேரே மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கைவலியைச் சொன்னாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“உங்க கையில ஒண்ணுமில்லக்கா, சக்கரத்துலதான் கோளாறு. வண்டியோட சேத்து போல்ட் போடுற இடம் சக்கரத்துக்குள்ள எங்க வருதுங்கறதுக்கு ஒரு அளவு இருக்கு, ஆஃப்செட்னு. இதுல அது ரொம்பக் கம்மி. அதான் சக்கரம் வெளிய தள்ளி நிக்குது. ரெண்டு பக்கமும் அகலம் கூடினதால வளைவுல சாயாது, வாஸ்தவம். ஆனா டயர், அது திரும்புற அச்சை விட்டுத் தள்ளிப் போச்சே. குழியில விழுற அடியெல்லாம் நெம்புகோல் போட்ட மாதிரி ஸ்டியரிங்குக்கு வருது. பேரிங்கும் சீக்கிரம் போயிடும்.”

“அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?”

“உங்களுக்கு என்னக்கா? குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க!”

பழைய சக்கரங்கள் திரும்ப ஏறின. தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது. “ஆசையா வாங்கினேனேக்கா...” என்றான்.

“அளவு பாத்து வேற வாங்கிக் குடுடா, மாட்டிக்கறேன்.”

அன்றிரவு சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் கணவரிடம் கொட்டினாள். “இத்தனை நாளா தனியா கிடந்து தவிச்சியா, அசடு?” என்று கடிந்துகொண்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினாள்.